வலப்பக்க நாற்காலி

புதுத்துறையூரில் அன்று காலை பதினோராம் வகுப்புக்கு வேதியியல் ஏற்றினார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து தலையைச் சாய்த்துக் கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் பதித்திருந்த அறிவுப்பொதியில் செவிலி இயந்திரம் ஓர் ஊசிமுனையை வைத்து எடுத்தது. அவ்வளவுதான், பாடம் முடிந்தது. கரிம வேதியியல் மட்டும் சிலருக்குக் கொஞ்சம் தலையை வலித்தது. அவர்களுக்குத் தயிர்சாதம் கொடுத்தார்கள். உமையாளுக்கு வலிக்கவில்லை. தயிர்சாதத்துக்காக வலிக்கிறது என்றாள்.

முந்தின வாரம் இயற்பியல். அதற்கு முந்தின வாரம் கணக்கு. நிலவின் தென்துருவப் பள்ளம் ஒன்றில், கண்ணாடிக் கூரைக்கு அடியில் இருந்த அந்த ஊரில், 'படிப்பது' என்ற சொல் ஒரே ஒரு பாடத்துக்குத்தான் மிச்சமிருந்தது. அது சமூகவியல்.

அதையும் ஏற்றிப் பார்க்காமல் இல்லை. முன்பு ஒரு வகுப்புக்கு ஏற்றினார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய், சோறு போட்ட அம்மாவைப் பார்த்து, "முதன்மைக் குழுவின் உறுப்பினரே, இன்னும் கொஞ்சம் குழம்பு" என்றார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை நிறுத்தி, "இது அகமணமா, புறமணமா?" என்று கேட்டார்கள். சாவு வீட்டில் யார் யார் எவ்வளவு நேரம் அழுதார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். மனிதரோடு வாழ்வதை ஊசியில் ஏற்ற முடியாது என்று அறிஞர் குழு அறிக்கை கொடுத்தது. பிள்ளைகள் மனிதர்களுக்கு நடுவே இருந்து சமூகவியலைத் தாங்களாகவே கற்க வேண்டும், மேல்நிலைத் தேர்வு இனி அந்த ஒரு பாடத்தில் மட்டும்தான் என்று சட்டம் வந்தது.

நல்ல சட்டம்தான். ஆனால் மருத்துவ இடம், பொறியியல் இடம், ஓடக் கல்லூரி இடம், நல்ல சம்பந்தம் எல்லாம் அந்த ஒற்றைத் தேர்வில் வந்து தொங்கினால் என்ன ஆகும்? கைடு வந்தது. டியூஷன் வந்தது. பிறகு நிலவின் மறுபக்கத்தில், பூமி கண்ணிலேயே படாத இடமாகப் பார்த்து, ஒருமுகப் பள்ளிகள் வந்தன.

உமையாளுக்கு ஓடம் ஓட்ட வேண்டும். நிலவுக்கும் பூமிக்கும் நடுவே ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஓடம். நடை பழகிய நாளிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை. அதனால் அவளை ஒருமுகப் பள்ளியில் போடுவது என்று அவள் அம்மா வடிவு முடிவு செய்தபோது, மகளால் முழுசாக மறுக்கவும் முடியவில்லை.

"ரெண்டு வருஷம் கண்ணை மூடிட்டு இருந்துடு. அப்புறம் வாழ்நாள் பூரா ஓடம்தான்."

"அங்க யாரோடயும் பேச விடமாட்டாங்களாம்மா."

"பேசுறதுக்கா அனுப்புறோம்? சமூகவியல் படிக்க அனுப்புறோம்."

"சமூகம்னா ஆளுங்கதானே?"

"இப்படிக் குதர்க்கம் பேசினா பெயில்தான். எதிர்வீட்டுப் பையன் அங்க படிச்சுத்தான் இன்னிக்கு டாக்டர்."

"அவனா? லிஃப்ட்ல நம்மளப் பாத்தா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறான்."

"செவுத்தப் பாத்தாலும் டாக்டர்டி!"

ஒருமுகப் பள்ளியில் ஆளுக்கொரு கூடு. படுக்கை, மேசை, விளக்கு, சோற்றுத்தட்டு வருவதற்கு ஒரு துளை. கூட்டுக்குக் கூடு ஒரு சுவர். நடைபாதையில் கண்காணி என்கிற இயந்திரம் உருண்டுகொண்டே இருக்கும். முதல் நாள் முதல்வர் தணிகைவேல் ஒலிபெருக்கியில் பேசினார். "செல்லங்களா, சமூகவியலுக்கு ஒரே எதிரி சமூகம்தான். அதை வெளியில விட்டுட்டு வந்துட்டீங்க. இனிமே கவலையே இல்ல." வீட்டில் நடக்கிற நல்லது கெட்டது எதுவும் தேர்வு முடியும்வரை பிள்ளைகளின் காதுக்குப் போகக்கூடாது என்று பெற்றோர்கள் சேர்க்கும்போதே ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் நன்மைக்குத்தானே.

உமையாளுக்கு மனப்பாடம் நன்றாக வரும். கூட்டுக்குள்ளேயே எழுதும் மாதத் தேர்வு ஒவ்வொன்றிலும் அவளே முதல். முதல் ஆண்டு முழுவதும் அவள் எந்த வம்பும் செய்யவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு பகல், அண்டை அயல் என்கிற பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். துளைக்கு வெளியே கண்காணி கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்டை அயலின் பணிகள் ஐந்து. ஒன்று, பகிர்ந்துகொள்ளல். இரண்டு, விழாக்களில் கூடுதல். மூன்று, குழந்தைகளைக் கவனித்தல்..." நிறுத்தினாள். "கண்காணி, பக்கத்துக் கூட்டுல யாரோ அழுவுறாங்க."

"உங்கள் கவனம் சிதறியிருக்கிறது. தொடருங்கள்."

"யாருன்னு போய்ப் பாரு."

"நான்காவது பணி?"

"துயரில் துணைநிற்றல்."

"சரி. ஐந்தாவது?"

உமையாள் ஐந்தாவதைச் சொல்லவில்லை. சோற்றுத்தட்டை எடுத்துச் சுவரில் ஓங்கித் தட்டினாள். அந்தப் பக்கம் அழுகை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தும் ஒரு தட்டல். தரையை ஒட்டி, இரண்டு கூட்டுக்கும் பொதுவாக, காற்று வருகிற புழை ஒன்று இருந்தது. உமையாள் குப்புறப் படுத்து அதில் வாயை வைத்தாள்.

"யாரு அங்க?"

"அமலோற்பவம்."

"பேரே ஒரு பத்தி இருக்கே! எதுக்கு அழுவுற?"

"எங்கம்மாவுக்கு நுரையீரல்ல நிலவுத்தூசு. ஆஸ்பத்திரியில வச்சிட்டுத்தான் என்னைய இங்க கொண்டாந்து விட்டாங்க. எப்படி இருக்காங்கன்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன். பரீட்சை முடியட்டும், பரீட்சை முடியட்டும்னே சொல்றாங்க." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நல்லா இருந்தா, நல்லா இருக்காங்கன்னு சொல்றதுக்கு என்ன?"

உமையாளுக்குப் பதில் தெரியவில்லை. கைடிலும் இல்லை.

அன்றிலிருந்து இருவரும் புழை வழியாகப் பேசினார்கள். கண்காணி வரும்போது உமையாள் சத்தமாக, "சமூகக் கட்டுப்பாடு என்றால் என்ன?" என்பாள். அது உருண்டு போனதும், "ம், நீ சொல்லு" என்பாள். அமலோற்பவத்துக்குப் பாசிக்கூட்டு ஆகாது, மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் அதைத்தான் தின்று ஒழிப்பாள் என்று தெரிந்தது. சிரித்தால் விக்கல் வரும் என்று தெரிந்தது. கண்காணியின் குரலில் அவள் பேசுவாள், "உங்கள் கவனம் சிதறியிருக்கிறது" என்று. பிறகு அவளே சிரித்து விக்குவாள், உமையாள் புழையில் தண்ணீர் ஊற்ற முடியாமல் தவிப்பாள். கூட்டு வரிசைதான் தேர்வறையில் நாற்காலி வரிசை. "உன் வலப்பக்கம் நான்தான்டி. அங்கயாவது உன் மூஞ்சியப் பாப்பேன்" என்றாள் அமலோற்பவம்.

ஆனால் ஒவ்வொரு பேச்சும் கடைசியில் அந்த ஒரே இடத்துக்கு வந்து நின்றது. எங்கம்மா எப்படி இருக்காங்க?

பொதுத்தேர்வுக்கு முந்தின கடைசி மாதிரித் தேர்வு. அதற்காகக் கூடுகளைத் திறந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே அழைத்தார்கள். தன் முறை வந்ததும் உமையாள் வெளியே வந்தாள், நடைபாதையின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள், எழுதுகோலைத் தரையில் வைத்தாள். கண்காணி அவளைச் சுற்றிச் சுற்றி உருண்டது. அதற்கு இப்படி ஒரு நிலைமை கற்பிக்கப்படவில்லை. முதல்வரை அழைத்தது.

"என்னம்மா இது? இந்த வருஷம் நிலவுலயே முதல் இடம் நம்ம பொண்ணுதான்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன்!"

"எழுதுறேன் சார். அமலோற்பவத்துக்கிட்ட அவ அம்மா எப்படி இருக்காங்கன்னு சொல்லுங்க. அடுத்த நிமிஷம் எழுதுறேன். பொதுத்தேர்வையும் எழுதுறேன்."

"யாரு அமலோற்பவம்?"

"பக்கத்துக் கூடு."

"கூட்டு எண் என்ன?"

"பேரைச் சொன்னேனே சார். அதுவும் இவ்ளோ பெரிய பேரு."

தணிகைவேல் சுற்றுமுற்றும் பார்த்தார். நடைபாதை நெடுகிலும் சோற்றுத்துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. குரலைத் தாழ்த்தினார்.

"எதுவா இருந்தாலும் பரீட்சை முடியட்டும்மா. எழுதலேன்னா உனக்கு ஓடக் கல்லூரி கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும். அதைப் பணயம் வச்சுத்தான் உக்காந்திருக்கேன்."

"புரிஞ்சுக்கம்மா. இது நானா பண்ணினதில்ல. அந்தப் பொண்ணோட அப்பாவே கேட்டுக்கிட்டது. தெரிஞ்சா மனசு கெட்டுடும், மார்க் போயிடும்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது பிந்திவிட்டது. உமையாளின் கூட்டுக்குப் பக்கத்துத் துளையிலிருந்து குரல் வந்தது. சிறிய குரல்தான். நடைபாதை முழுவதும் கேட்டது.

"எப்போ சார்?"

தணிகைவேல் கண்காணியின் பக்கம் திரும்பினார்.

"எப்போன்னு கேக்குறேன்."

"நீ இங்க சேர்ந்த ரெண்டாம் மாசம்."

யாரோ ஒரு பிள்ளை சோற்றுத்தட்டால் கதவைத் தட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு நடைபாதையின் இரு பக்கமும், கடைசி வரை, தட்டுகள் இடிக்கத் தொடங்கின. தணிகைவேல் காதைப் பொத்திக்கொண்டு, "அந்தக் கதவைத் திற!" என்று கத்தினார். "விதிகளின்படி, தேர்வுக்கு முன்..." என்று கண்காணி தொடங்கியது. "திறடா, சனியனே!"

அமலோற்பவம் வெளியே வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை.

"நீ இவ்ளோ குட்டையாடி?" என்றாள் உமையாள். அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"நீதான் பனமரம்," என்று சொல்லிவிட்டு அமலோற்பவம் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எட்டாததால் தோளுக்குக் கீழே.

முதல்வர் சமாதானம் பேசிப் பார்த்தார். "பொதுத்தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானே? எழுதிட்டுப் போ. ஒரு வருஷம் வீணாயிடும்."

"எங்கம்மாவப் பொதச்ச எடத்துக்குப் போகணும். வீணானது வீணாயிடுச்சு சார். இன்னும் வீணாக்க மாட்டேன்."

தன் ஊர்ப்பக்கம் போகிற அன்றைய ஓடத்திலேயே அவள் போனாள். உமையாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எழுதுகோலைப் பொறுக்கிக்கொண்டு போய் மாதிரித் தேர்வை எழுதினாள்.

பொதுத்தேர்வு அன்று நூற்றுக்கணக்கான பிள்ளைகள் புதுத்துறையூர்ப் பெரிய கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வினாத்தாள் வழக்கமானதுதான். வரையறை தருக, வகைகளை விளக்குக, வேறுபடுத்துக. கடைசிக் கேள்வியில்தான் கூடம் ஆடிப்போனது. மனிதர்களுக்கு நடுவே இருந்து கற்க வேண்டும் என்ற பழைய சட்டத்தை, வினாத்தாள் தயாரித்தவர் யாரோ போகிற போக்கில் படித்துத் தொலைத்திருக்க வேண்டும். கேள்வி இதுதான்: 'உங்கள் வலப்பக்க நாற்காலியில் அமர்ந்திருப்பவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக.'

பிள்ளைகள் வலப்பக்கம் திரும்பினார்கள். அங்கே யாரோ ஒருவர் தன் வலப்பக்கம் திரும்பியிருந்தார். எல்லோருக்கும் பிடரிகள் தெரிந்தன. யாருக்கும் யார் பெயரும் தெரியவில்லை. "கைடுல இல்ல!" என்று ஒரு பையன் எழுந்து நின்று அழுதான்.

உமையாளின் வலப்பக்க நாற்காலி காலியாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

'என் வலப்பக்க நாற்காலி காலி. அங்கே உட்கார வேண்டியவள் அமலோற்பவம். அவளுக்குப் பாசிக்கூட்டு பிடிக்காது. சிரித்தால் விக்கல் வரும். அவள் அம்மா இறந்ததை ஒரு மதிப்பெண்ணுக்காக அவளிடம் மறைத்தார்கள். மறைத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்குப் பயமாக இருப்பதே அதனால்தான். அவள் வரவில்லை. வராமல் போனதுதான் சரி. இந்த விடைக்கு எனக்கு மதிப்பெண் வேண்டாம்.'

மதிப்பெண் போடுவது திருத்தி என்கிற இயந்திரம். அந்தக் கேள்விக்கு அதனிடம் விடைக்குறிப்பு கிடையாது. அப்படிப்பட்ட கேள்விகளுக்கு, வந்த விடைகளில் முழுமையானதை எடுத்து அதையே விடைக்குறிப்பாக வைத்துக்கொள்ளும்படி அதைப் பழக்கியிருந்தார்கள். முழுமையாக எழுதியது ஒருத்திதான். எனவே உமையாளுக்கு முழு மதிப்பெண், மற்ற எல்லோருக்கும் பூஜ்யம்.

அவள் நிலவிலேயே முதலாக வந்தாள். ஓடக் கல்லூரி கிடைத்தது. வடிவு தெருவுக்கே இனிப்புக் கொடுத்தாள். தணிகைவேல் ஊர்க் கூரைக் கண்ணாடியில் அவள் முகத்தை ஒளியால் வரைந்து, 'எங்கள் மாணவி! எங்கள் சமூக உணர்வு!' என்று போட்டார். உமையாள் நேரே போய் ஒளிப்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். அவர் மறுபடி மாட்டினார். அவள் மறுபடி பிடுங்கினாள்.

"ஏம்மா, உன்னைப் பெருமைப்படுத்துறதும் தப்பா?"

"அமலோற்பவத்தோட அம்மா படத்தைப் போடுங்க சார். அதுக்குக் கீழ என்ன எழுதணும்னு நான் சொல்றேன்."

பெற்றோர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அவர்கள் கேட்டது அந்தக் கேள்வியை எடுத்துவிடச் சொல்லி அல்ல. முன்கூட்டியே சொல்லச் சொல்லி. தேர்வாணையம் இரக்கம் காட்டியது: அடுத்த ஆண்டும் அதே கேள்வி வரும், விடைக்குறிப்பும் வெளியிடப்படும். கைடுகாரர்கள் உமையாளின் விடையைப் பிரித்தார்கள். ஒன்று, நாற்காலி காலி எனல். இரண்டு, பெயர். மூன்று, பாசிக்கூட்டு. நான்கு, விக்கல். ஐந்து, தாயின் மறைவு. ஆறு, வரவில்லை எனல். ஏழு, மதிப்பெண் வேண்டாம் எனல். அடியில் தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு: 'ஏழாவதை மறவாமல் எழுதினால் முழு மதிப்பெண் உறுதி.' உமையாள் ஆணையத்துக்குப் போய்ச் சண்டை போட்டாள். அவளுடைய மாதிரி விடைக்கு நன்றி கூறி அனுப்பிவைத்தார்கள்.

அமலோற்பவம் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. அப்பாவுக்குச் சமைத்துப் போட்டாள், கொஞ்ச நாள் அவரோடு பேசாமல் இருந்தாள், பிறகு பேசினாள். தூசு மருத்துவமனையில் அம்மாவைப் போன்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். மருத்துவம் படிக்க வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்தாள். அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு அவளை உமையாள் தன் பயிற்சி ஓடத்திலேயே கொண்டுவந்து இறக்கினாள்.

"கடைசிக் கேள்வியில என்னைப் பத்தி எழுதின புண்ணியவதி நீதான்," என்றாள் அமலோற்பவம். "கைடுகாரன் என் விக்கல வித்துக்கிட்டிருக்கான்."

"நீ உனக்குத் தெரிஞ்சத எழுதுடி. எவளாவது வலப்பக்கம் உக்காருவா இல்ல, பேரக் கேளு. நான் வெளிய நிக்கிறேன்."

கூடத்தில் அவள் வலப்பக்கம் ஒரு பெண், இடப்பக்கம் ஒரு பெண். மணி அடிப்பதற்கு முன் அமலோற்பவம் வலப்பக்கம் குனிந்து, "உன் பேரென்னம்மா?" என்றாள். அந்தப் பெண் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். விடைக்குறிப்பை ஒப்பிப்பதை நிறுத்தவில்லை.

கடைசிக் கேள்வி வந்தது. ஒரே மூச்சில் கூடம் முழுவதும் எழுதும் சத்தம். அமலோற்பவம் இடப்பக்கம் பார்த்தாள். அந்தப் பெண்ணின் தாளில் முதல் வரி விழுந்துகொண்டிருந்தது. 'என் வலப்பக்க நாற்காலி காலி.'

"ஏம்மா, உன் வலப்பக்கம் நான்தான் உக்காந்திருக்கேன்."

'அங்கே உட்கார வேண்டியவள் அமலோற்பவம்.'

"நான்தான் அமலோற்பவம்."

"பேசாதீங்கக்கா," என்றாள் அவள் திரும்பாமலே. "ஏழாவது பாயிண்ட் மறந்துடும்."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பும் விக்கலும் சேர்ந்து வந்தன. தன் தாளை இழுத்து எழுதினாள். 'என் வலப்பக்கம் ஒரு பெண் இருக்கிறாள். பெயர் சொல்ல அவளுக்கு நேரமில்லை. எழுதும்போது இடது கால் நடுங்குகிறது. காலையில் சாப்பிடவில்லை போலிருக்கிறது, வயிறு இரைகிறது. தேர்வு முடிந்ததும் அவளை வெளியே கூட்டிப்போய் ஏதாவது வாங்கித் தரப்போகிறேன்.'

மணி அடித்தது. தேர்வறைக் கண்காணி தாள்களை வாங்கிக்கொண்டு வரிசையாக வந்தது. வாங்கும்போதே படிப்பதும், படித்ததை வைத்து வருகையைச் சரிபார்ப்பதும் அதன் வேலை. எதை அதிகம் பேர் சொல்கிறார்களோ அதுதான் உண்மை என்று மனிதர்கள் அதைப் பழக்கியிருந்தார்கள். இயந்திரங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது அவர்களுக்குக் கடினமாக இருந்ததில்லை. அமலோற்பவத்தின் முன் வந்து நின்றது. அவள் நீட்டிய தாளை அது வாங்கவில்லை.

"இதை ஏற்க முடியாது. அமலோற்பவம் வரவில்லை."

"நான்தான் வந்து உக்காந்திருக்கேனே!"

"இந்தக் கூடத்தில் அத்தனை பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் வரவில்லை. நாற்காலி காலி. எழுந்து வழிவிடுங்கள்."

"மாட்டேன்." அவள் நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வலப்பக்கத்துப் பெண் அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். "நான் வரலேன்னா, இப்போ உங்கிட்ட பேசிட்டிருக்கிறது யாரு?"

கண்காணி அரை வட்டம் உருண்டு போய்த் திரும்பி வந்தது.

"அந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லை," என்றது.